எந்த வைரஸுக்கு இந்தக் கஷாயம்?

நெகிரி செம்பிலானில் துரைமார் குதிரையேறித் தோட்டம் சுற்றிவந்த காலம் மலையேறிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பவை சவாரி பழக்கும் இடங்களில் நிற்கும் குதிரைகள், போர்ட்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக்குதிரைகள், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வசதியுள்ள யாரோ ஆசைக்கு வாங்கிக் கட்டிவைத்தவை. எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் அவற்றுக்கு உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. "வைரஸ் காய்ச்சலுக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது. டாக்டர் வந்தாலும் ஓய்வு கொடுங்கள் என்றுதான் சொல்வார். நிலவேம்பு, கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றுங்கள். குணமானால் லாபம், ஆகாவிட்டாலும் நஷ்டமில்லை."

இதைச் சொல்பவர்கள் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் தங்கள் வைத்தியத்துக்கு எல்லை வைத்துப் பேசுவார்கள். மாந்தத்துக்கு இது, சூட்டுக்கு இது, மற்றதற்கு ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். ‘ஆண்டிவைரல்’ என்ற சொல்லைப் போட்டு அடிப்பவர் பட்டதாரி. அவர் கைப்பேசியில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தி இருக்கும். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு ஹெர்பெஸ் வைரஸைத் தடுக்கிறதாம். மஞ்சளின் குர்குமின் இன்ஃப்ளுயன்சாவைத் தடுக்கிறதாம். குதிரைக்கும் ஹெர்பெஸ் வருகிறது, இன்ஃப்ளுயன்சா வருகிறது. பிறகென்ன?

கட்டுரை பொய்யில்லை. அதிலிருந்து இவர் எடுக்கும் முடிவுதான் பொய். ‘நஷ்டமில்லை’ என்கிறாரே, அது அதைவிடப் பெரிய பொய். அதுவும் இந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல ஒருவருக்கு மறதி நிறையவே வேண்டும்.

1998 கடைசியில் பேராக் பன்றிப் பண்ணைகளிலிருந்து இங்கே வந்த காய்ச்சல் முதலில் சிக்காமாட்டிலும் பிறகு புக்கிட் பெலாண்டோக்கிலும் ஆட்களைச் சாய்த்தது. அதற்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. பன்றி இருந்தது, கொசு இருந்தது, மூளை வீக்கம் இருந்தது, சில ரத்த மாதிரிகளும் அந்தப் பக்கமே கை காட்டின. புகையடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் செத்தார்கள். சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தது 1999 மார்ச்சில். அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. மலேசியாவில் மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பெரும்பாலோர் நெகிரி செம்பிலான்காரர்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். அந்த நோயாளியின் கிராமத்துப் பெயரே வைரஸுக்கும் நிப்பா என்று ஆனது. அதை உலகம் முழுக்க இன்றும் உச்சரிக்கிறார்கள்.

கஷாயக்காரர் இந்தக் கதையையே தன் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பார். "பார்த்தீர்களா, அரசாங்கத்து ஊசி என்ன கிழித்தது?" என்பார். ஊசி ஒன்றும் கிழிக்கவில்லை, உண்மை. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி. வந்ததோ வேறு நோய். இதில் தோற்றது தடுப்பூசியா, நோய் இன்னதென்று தெரியாமல் வைத்தியத்தில் இறங்கிய அவசரமா? சந்தேகத்துக்குக் காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த வாட்டசாட்டமான ஆண்கள். கொசு எல்லாரையும்தான் கடிக்கிறது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. பன்றிகளே குரைப்பது போல் இருமிச் செத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படிச் சாகாது. இவ்வளவு தடயங்கள் இருந்தும் மாதக்கணக்கில் பிடிபடவில்லை, ஏனென்றால் ஏதோ ஒரு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி எல்லாருக்கும் இருந்தது. அரசாங்கம் பரிசோதனைக்கூடங்களை வைத்துக்கொண்டு செய்த அதே பிழையை, ஒரு பரிசோதனையும் இல்லாமல் சட்டியில் காய்ச்சிச் செய்யச் சொல்கிறார் நம் ஆள்.

நிப்பா பன்றி நோய்தானே, குதிரைக்கும் அதற்கும் என்ன என்று கேட்கலாம். அந்த ஆண்டே ஈப்போவில் இரண்டு போலோ குதிரைகளின் ரத்தத்தில் நிப்பா தொற்றிய அடையாளம் இருந்தது. 2014-இல் பிலிப்பைன்ஸின் சுல்தான் குடாராட் மாகாணத்தில் நிப்பா வகை வைரஸ் குதிரைகளைக் கொன்றது. அவற்றை அறுத்தவர்களும் அந்த இறைச்சியைத் தின்றவர்களும் செத்தார்கள். நிப்பாவின் மூத்த உறவான ஹெண்ட்ரா வைரஸ் 1994-இல் பிரிஸ்பேன் நகரின் பந்தயக் குதிரை லாயத்தில் தலைகாட்டியது. அதற்கு வௌவாலிடமிருந்து மனிதனுக்கு வரும் வழியே குதிரைதான். இவை தங்கியிருக்கும் பழந்தின்னி வௌவால் நம் மரங்களிலும் தொங்குகிறது.

இப்போது ஒரு லாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை காலைத் தீனி தின்னவில்லை. காய்ச்சல். பின்னங்கால் தள்ளாடுகிறது. இது குதிரை ஹெர்பெஸாக இருக்கலாம். அது லாயத்தில் நிற்கும் மற்றக் குதிரைகளுக்கெல்லாம் தொற்றும், ஆனால் அதற்கு ஓரளவு பயன்படும் மருந்து உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, ஆனால் குதிரையிடமிருந்து யாருக்கும் ஒட்டாது, வருமுன் ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது. நிப்பா வகையாக இருந்தால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. வெறிநோயாகவும் இருக்கலாம். நான்கிலும் குதிரை ஒரே மாதிரிதான் தள்ளாடும். செய்ய வேண்டியவை நான்கும் வேறு வேறு. கஷாயம் மட்டும் நான்குக்கும் ஒன்றே என்றால், அதைக் கொடுப்பவர் குதிரைக்கு வைத்தியம் செய்யவில்லை, தன் பதற்றத்துக்குச் செய்துகொள்கிறார்.

சரி, நோய் ஹெர்பெஸ்தான் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அந்த ஆய்வுக் கட்டுரை கைகொடுக்குமா? கட்டுரையில் வைரஸைத் தடுத்தது கண்ணாடித் தட்டில். தட்டில் வயிறு இல்லை, ஈரல் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. குளோரோகுயின் நிப்பா வைரஸைத் தட்டில் அருமையாகத் தடுத்தது. சிங்கோனா மரப்பட்டையின் குயினைனுக்கு ஒரு வகையில் வாரிசான மருந்து அது. ஃபெரெட் என்ற, பார்வைக்குக் கீரி போன்ற பிராணிக்குக் கொடுத்தபோது ஒன்றையும் காப்பாற்றவில்லை. ரிபாவிரின் கதை இன்னும் பாடமானது. 1999-இல் இங்கே 140 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். இறந்தவர்கள் 32 விழுக்காடு. கொடுக்கப்படாத 54 பேரில் இறந்தவர்கள் 54 விழுக்காடு. பெரிய வித்தியாசம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த 54 பேர் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. மருந்து வருமுன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வேண்டாமென்று மறுத்தவர்களும். பின்னால் விலங்குகளில் பார்த்தபோது சாவைச் சற்றுத் தள்ளிப்போட்டதே தவிர ரிபாவிரின் தடுக்கவில்லை. மனிதர்களுக்கே கொடுத்து, எண்ணி, பிரசுரித்த மருந்தின் நிலை இது. தட்டோடு நின்றுபோன நிலவேம்புக்கு எந்த நியாயத்தில் அதைவிட உயர்ந்த ஆசனம்?

அதற்குமேல் குதிரையின் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரையின் உடம்பில் ஏறத்தாழ 40 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தட்டில் வைரஸை நிறுத்திய அடர்த்தி அந்த 40 லிட்டரிலும் வர எத்தனை மூட்டை நிலவேம்பு வேண்டும் என்று கணக்குப் போட்டவரை நான் பார்த்ததில்லை. போகட்டும், விழுங்கியதெல்லாம் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே கணக்கே. அசைக்ளோவிர் என்ற சுத்தமான, நிறுத்தெடுத்த ஹெர்பெஸ் மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் குதிரையின் குடல் 100 பங்கில் 5 பங்கைக்கூட உள்ளே விடுவதில்லை. மனிதனுக்கு வேலை செய்யும் மருந்து குதிரையிடம் சாணியோடு போய்விடுகிறது. அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் அதன் மாற்று வடிவமான வலாசைக்ளோவிருக்குப் போனார்கள். அதையும் குதிரைக்கே கொடுத்து, குதிரையின் ரத்தத்தையே எடுத்து, அளந்து பார்த்தபிறகு. நிலவேம்பு குடித்த குதிரையின் ரத்தத்தில் ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு ஏறியது, அது வைரஸைத் தடுக்கும் அளவா என்ற எண்ணைக் கேட்டால் நம் பட்டதாரி ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியத்துக்குத் தாவிவிடுவார். அந்தப் பாரம்பரியத்தில் வைரஸ் என்ற கணக்கே கிடையாது என்பது அவருக்கு உறைப்பதில்லை.

நான் மூலிகைக்கு எதிரி என்று இதற்குள் ஒரு பட்டம் தயாராகியிருக்கும். கீழாநெல்லியின் கதையைச் சொல்கிறேன், எதிரி யார் என்று பாருங்கள். மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பதைத் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிவார்கள். இங்கே மலாய்க்காரர்களும் டுக்குங் அனாக் என்று அதே செடியைப் பறிக்கிறார்கள். சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் அதைச் சும்மா புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்கோடு சேர்ந்து சோதித்தார்கள். 1988-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்து உட்படப் பல நாடுகளில் திரும்பச் செய்தார்கள். அந்த முடிவு திரும்ப வரவில்லை.

அந்த ஆய்வாளர்கள் மூலிகைக்குச் செய்ததுதான் மரியாதை. பெயர் சொல்லி ஒரு வைரஸ், அளவு சொல்லி ஒரு மருந்து, எண்ணிக்கை சொல்லி நோயாளிகள், தோற்றால் தோற்றது என்று பிறர் சொல்வதற்கு இடம். இதற்கிடையே மலேசியா 1989-இல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. இன்று தோட்டத்து இளைஞர்களிடம் அந்த நோய் அருகிப்போனதற்குக் காரணம் அந்த ஊசி. கீழாநெல்லியைக் கும்பிடுகிறவர்களின் பிள்ளைகளும் அதைப் போட்டுக்கொண்டவர்களே.

சரவாக்கில் இன்னொன்று நடந்தது. 1987-இல் பிந்தாங்கோர் மரத்தின் இலையும் சுள்ளியும் சேகரித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நம் புன்னைக்குப் பங்காளி மரம். அதிலிருந்து கிடைத்த கலனோலைடு ஏ எய்ட்ஸ் வைரஸைத் தட்டில் தடுத்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று திரும்பிப் போனால் அந்த மரத்தை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அதே இனத்து வேறு மரங்களில் அந்தச் சத்து சரியாக இல்லை. கடைசியில் சிங்கப்பூர் தாவரப் பூங்காவில் நின்ற மரங்கள் உதவின. மாநில அரசும் பங்கு போட்டுக் கம்பெனி தொடங்கி, மனிதர்களிடம் ஆரம்பச் சோதனை வரை போனது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் கடையில் வாங்கும் மருந்தாக அது வந்து சேரவில்லை. ஒரே இனத்து இரண்டு மரங்களில்கூடச் சத்து ஒன்றாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வேலியோரம் பறித்த ஒரு கைப்பிடியும் சந்தையில் வாங்கிய ஒரு கைப்பிடியும் ஒரே மருந்து என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவும் இப்படிப் பெயர் அடிபட்ட ஒன்று. இன்ஃப்ளுயன்சாவுக்கான டாமிஃப்ளூ மருந்தை அதில் கிடைக்கும் ஷிகிமிக் அமிலத்திலிருந்து செய்தார்கள். அமிலத்தைப் பல படிகளில் வேறொன்றாக மாற்றிய பிறகுதான் அது மருந்து. அன்னாசிப்பூவைக் காய்ச்சிக் குடித்தால் வாய் மணக்கும், அவ்வளவுதான். குயினைன், ஆர்ட்டிமிசினின், நித்தியகல்யாணியிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து எல்லாவற்றுக்கும் செடிதான் தாய். செடியைவிட்டு வெளியே வந்து, எடை போடப்பட்டு, இன்ன நோய்க்கு இன்ன அளவு என்று நிரூபிக்கப்பட்ட பிறகே அவை மருந்தாயின. குதிரை வைரஸ் ஒன்றுக்கு அப்படி நிரூபித்து நின்ற தாவரச் சத்து ஒன்றைக் காட்டுங்கள், இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பக்கவிளைவு இல்லையாம். கனடாவில் குதிரைகளுக்கு உலர்ந்த பூண்டை அளவு கூட்டிக் கூட்டி வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வந்தது. மனிதனுக்கு ரசத்தில் போடும் பூண்டு குதிரையின் ரத்தத்துக்கு விஷமாகும் அளவு ஒன்று இருக்கிறது. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பல குதிரைகளைத் தகுதியிழக்க வைத்தது. நார்வே அணியின் வெண்கலப் பதக்கமே போயிற்று. இயற்கைதானே என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை. காபியிலிருக்கும் கஃபீனும் கோக்கோவிலிருக்கும் தியோபுரோமினும் பந்தயக் குதிரையின் சிறுநீரில் தென்பட்டால் பிடிப்பார்கள். உடம்பில் வேலை செய்யும் பொருள் என்றால் கெடுதலும் செய்யும். எந்தக் கெடுதலும் செய்யவே செய்யாது என்றால் அது வேலையும் செய்யாது. இரண்டில் எது தங்கள் கஷாயம் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

மருந்தை விடுங்கள், ஊற்றும் விதத்தைப் பாருங்கள். குதிரையின் தலையைக் கயிற்றால் மேலே தூக்கிப் பிடித்து, கடைவாயில் புட்டியின் கழுத்தை நுழைத்து, நாக்கு புரளப் புரள ஊற்றுகிறார்கள். குதிரைக்கு வாந்தியெடுக்க முடியாது. மிரண்டு இருமினால் கஷாயம் மூச்சுக்குழலில் இறங்கும். ஏற்கெனவே காய்ச்சலில் இருக்கும் குதிரைக்கு நுரையீரலில் சீழ் பிடிக்க அதுவே போதும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை வரை கொண்டுபோவது பயிற்சி உள்ளவர் செய்யும் வேலை.

பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? முதலாளி இல்லை. குதிரைக்காரர். அன்று தமிழர், இன்று தமிழரோ வங்காளதேசியோ நேப்பாளியோ. கையுறை இல்லாமல் அவர் கை குதிரையின் வாய்க்குள் இருக்கிறது. எச்சிலும் மூக்கு நீரும் முழங்கை வரை வழிகின்றன. பிரிஸ்பேனில் பயிற்சியாளர் விக் ரெயில் நோயுற்ற குதிரைக்குத் தன் கையாலேயே தீனி ஊட்டப் பார்த்தவர். சில நாளில் ஹெண்ட்ராவால் இறந்தார். இதுவரை அந்த வைரஸ் தொற்றிய ஏழு பேரில் நால்வர் செத்தார்கள். அவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு. ‘நஷ்டமில்லை’ என்று சொல்பவர் அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறார் என்பது இப்போது புரிகிறதா? புக்கிட் பெலாண்டோக்கிலும் விழுந்தவர்கள் பண்ணைக்குள் இறங்கி வேலை செய்தவர்கள்தாம்.

தடுப்பூசி மட்டும் என்ன யோக்கியம் என்ற எதிர்க்கேள்வி வரும். ஹெண்ட்ராவுக்கு 2012-இல் குதிரைத் தடுப்பூசி வந்தது. பக்கவிளைவு என்று ஆஸ்திரேலியாவில் குதிரைச் சொந்தக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2022-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனக்கு அதில் முக்கியம் தீர்ப்பு இல்லை. ஊசியில் குறை என்றால் கேட்க ஒரு கம்பெனி இருந்தது, விவரம் இருந்தது, நீதிமன்றப் படி இருந்தது. கஷாயம் ஊற்றிச் செத்த குதிரைக்கு யாரைக் கேட்பது? "விதி முடிந்தது" என்பார்கள்.

2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் நுழைந்து 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. அதே ஆண்டு மலேசியாவிலும் நோய் கண்டது. நுரையீரல் நுரைத்து மூக்கு வழியாகப் பொங்கும். கடும் வகையில் தப்பும் குதிரை அரிது. தாய்லாந்தை மீட்டவை தடுப்பூசியும், குதிரைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடையும், லாயத்தைச் சுற்றிக் கட்டிய நுண்வலையும். அகாஸ் என்று நம்மவர்களும் சொல்கிறார்களே, அந்தப் பொடிப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது. வலையில் தோய்க்கும் பூச்சிமருந்தின் மூல வடிவம் ஒருவகைச் செவ்வந்திப் பூவிலிருந்து வந்தது. செடிக்கு இங்கே உண்மையான இடம் உண்டு, பூச்சியின்மேல். மூலிகை அன்பர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வலை கட்டுவதில் மகிமை இல்லை போலும்.

மிச்சமிருப்பது பணம். குதிரை வைத்தியம் தெரிந்த மருத்துவர் இங்கே அரிது, வந்தால் செலவு கூடுதல், தோட்டத்து ஓரத்துக்கு வந்துசேர நேரமும் ஆகும். இந்த ஒரு புகாரில்தான் நியாயம் இருக்கிறது. அதற்குக் குரல் கொடுக்க வேண்டிய இடம் கால்நடைச் சேவை இலாகா: மாவட்டத்துக்கொரு குதிரை அறிந்த மருத்துவர், ஈப்போ ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் விரைவாகப் போய் விடை விரைவாக வரும் ஏற்பாடு, குதிரைக்காரர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் இலவசம். இவற்றைக் கேட்டு மனு எழுதினால் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். மருத்துவர் இல்லாத குறையைக் கஷாயத்தால் மூடிவிட்டால் இலாகாவுக்கும் வசதி, முதலாளிக்கும் வசதி. அதுவரை, தள்ளாடும் குதிரையைத் தனியே கட்டி, ஆட்களை விலக்கி, இலாகாவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். தொற்றுநோய் என்ற சந்தேகத்தை மறைப்பது சட்டப்படியும் குற்றம். எந்த வைரஸ் என்ற விடை கையில் வரட்டும். அதற்குப் பிறகு கஷாயத்தைப் பற்றிப் பேச வருகிறவரோடு, அளவும் ரத்தப் பரிசோதனை முடிவும் கொண்டுவந்தால், உட்கார்ந்து பேசத் தயார்.